இந்தி தெரியாமல் நீங்கள் சொன்ன கதை

அத்தை,

நேற்று சேலத்தில் கண் ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் வர நேரமாகும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். எதிர்ச் சுவரில் அகலமாக ஒரு டிவி. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏதோ வடக்கத்தி நாடகம். ஒரு பெண் அழுதுகொண்டே படியிறங்கி வருகிறாள், கீழே ஒருத்தன் விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறான். என் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "என்னதான் சொல்றானோ, ஒண்ணும் தெரியலீங்க" என்றார். அவ்வளவுதான், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவன் அண்ணங்காரனுங்க. இவளுக்கு எழுதி வச்ச காடு தோட்டத்தைத் திருப்பிக் கேக்கறான். இவ குடுக்க மாட்டேங்கறா" என்றேன்.

அடேயப்பா, அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! முன்வரிசைக்காரிகள் திரும்பி உட்கார்ந்தார்கள். கண்ணில் பஞ்சு வைத்திருந்த ஒரு பெரியவர், "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டார். கூட வந்த என் பேத்தி முதலில் கூச்சப்பட்டு என் சேலையை இழுத்தாள், பிறகு அவளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். என் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டபோது, மீதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லி ஒரு சண்டையே நடந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். திருச்செங்கோட்டில் அவள் படிக்கிற காலேஜில் பட்டிமன்றமாம். டிவி பார்ப்பதால் மனிதனுக்குச் சந்தோசம் கூடுகிறதா, குறைகிறதா என்று தலைப்பு. "நான் எந்தப் பக்கம் பேசட்டும்?" என்றாள். எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற நான், அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குச் சொல்ல வராததை உங்களுக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, அவரும் இப்போது மேலே நீங்கள் இருக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார். அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், சாட்சிக்கு வேண்டும்.

அப்பாவோடு பிறந்த நீங்கள் நம் வீட்டுக்கே திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்து மாமா போய்விட்டார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு தகரப்பெட்டியும் வெள்ளைச் சேலையும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் கழுவுவீர்கள், அடுப்படியில் இருப்பீர்கள், கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளிவிட்டு வருவீர்கள். வீட்டுக்கு விருந்தாளி, ஒறம்பரை என்று யாராவது வந்தால் இருக்கிற இடம் தெரியாது. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், எதிரே வந்துவிடக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வீர்கள். உங்களுக்குப் பேச வராதோ என்று ஒருநாள் அம்மாவைக் கேட்டு நான் முதுகில் ஒன்று வாங்கினேன். இப்படியே ஒரு பத்துப் பன்னிரண்டு வருசம் ஓடியிருக்கும்.

அப்புறம்தான் அப்பா டிவி வாங்கினார். நம் ஊரில் அதுதான் முதல் டிவி. பரமத்தி வேலூர் கடைவீதியிலேயே அப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தது. ஆண்டெனாவுக்குக் கம்பம் பத்தாது என்று சொன்னதும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பற்ற வைத்துக் கொடுத்தார். தென்னை மரத்தைத் தாண்டி நின்றது. காவிரி அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று அப்பா எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தார். அவ்வளவு உசரமாக நட்டும் மெட்ராஸ் வரவில்லை. பக்கத்து நிலையம் வாங்கி அனுப்புகிற டெல்லி நிகழ்ச்சிதான் வந்தது. எந்நேரமும் இந்தி. ஒரு வார்த்தை யாருக்கும் விளங்காது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே நம் வாசலில்தான் கிடந்தது. வெற்றிலை கிள்ளி முடித்த கையோடு பெண்டுகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்நேரம் ஓடுகிற இந்தி நாடகத்தில் ஒரு அம்மா வருவார். பெரிய வீடு, பெரிய படிக்கட்டு, வெள்ளைச் சேலை, நிமிர்ந்த நடை. கூடவே ஒரு மீசைக்காரன். முதல் சில வாரம் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். ஒருநாள் கீழ வீட்டு ராமாயக்கா சலித்துப்போய், "படம் நல்லாத்தானிருக்குது. அந்த மகராசி என்ன பேசறாள்னு சொல்றதுக்குத்தான் ஒரு ஆளில்லை" என்று எழுந்துவிட்டது.

அப்போதுதான் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அவ புருசன் இல்லாதவ. அந்த மீசைக்காரன் கொழுந்தன். சொத்தை எழுதிக் கேக்கறான். உசுரே போனாலும் கையெழுத்துப் போட மாட்டேங்கறா."

வாசலே திரும்பிப் பார்த்தது. அப்பா பீடியை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். ராமாயக்கா எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்து, "பொறவு?" என்றது. நீங்கள் அடுத்ததையும் சொன்னீர்கள்.

உங்களுக்கு இந்தி தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் நாமக்கல்லைத் தாண்டியதில்லை. ஆனாலும் அப்படி அடித்துச் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். மீசைக்காரன் அந்தம்மாவின் கையைப் பிடித்தால், "பாத்தீங்களா, கையெழுத்துக்குக் கெஞ்சறான்" என்பீர்கள். போன வாரம் செத்துப்போன கிழவர் இந்த வாரம் உட்கார்ந்து காப்பி குடித்தால், கொஞ்சமும் அசராமல், "அது அவ நெனப்புல வருது" என்று முடித்துவிடுவீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பொடக்காலிக்கு ஓடியிருக்கிறேன்.

அந்தம்மா என்னவெல்லாம் செய்தார் உங்கள் வாயில்! ஆலை நடத்தினார். கணக்கில் கை வைத்தவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் அவர்தான் முன்னால் நிற்பார், அவர்தான் மாலையை எடுத்துக் கொடுப்பார், விளக்கேற்றுவார். "புருசன் இல்லாதவ கையிலயா?" என்று யாரோ முதல் தடவை கேட்டபோது, "அவங்க ஊர்ல அப்படித்தான். எல்லாருக்கும் மூத்தவ எவளோ அவதான் எடுத்துக் குடுப்பா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனீர்கள். கேட்டவள் தலையாட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வேலூர்ச் சந்தையில்கூட அந்தம்மாவைப் பற்றி நம் ஊர்ப் பெண்டுகள் சொந்தக்காரியைப் பேசுவது போலப் பேசினார்கள்.

அந்த நாட்களில் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அத்தை, நீங்கள்தான் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மாவாட்டும்போது தானாகச் சிரிப்பீர்கள். வெற்றிலைக் கட்டு அடுக்கும்போது அடுத்த வாரம் மீசைக்காரனை என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்பீர்கள். எத்தனை வருசம் வாயைக் கட்டி வைத்திருந்தீர்களோ, அத்தனையும் சேர்த்து வந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். மற்றக் கிழமைகளில் அதே டிவி ஓடும், வாசலில் ஆள் இருக்காது. நீங்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். "கேக்கறதுக்கு ஆளில்லாம என்னத்தப் பாக்கறது சாமி" என்றீர்கள்.

அந்த நேரத்தில்தான் எருமப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை சொந்த லாரி, தானே ஓட்டுகிறார், பம்பாய்க்கும் டெல்லிக்கும் போய்வருகிறவர். நல்ல இடம் என்று அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைதான் அவர்களுக்குத் தோது என்று சொல்லிவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் நாத்தனாரான உங்களிடம் அம்மா வந்து நின்றது. அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன், அதற்கும் வாய் வரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே, "நங்கையா, நாளைக்குக் காத்தால ஒரு நேரம் மட்டும் கொடிக்காப் பக்கம் இருந்துட்டு வந்துருங்க" என்றது. நீங்கள் உடனே, "அதுக்கென்ன, தண்ணி கட்டற வேலையும் கெடக்குது" என்றீர்கள். அந்த உடனே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான், உங்களுக்குத் தெரியாததா? அத்தை இல்லாத இடத்தில் நான் வந்து நிற்க மாட்டேன், சேலையும் கட்ட மாட்டேன் என்று கத்தினேன். அப்பா வெளியே போய்விட்டார். நீங்கள்தான் என் கையைப் பிடித்து, உன் வாழ்க்கை அம்முணி, என்னால் அதற்கு ஒரு குறை வந்தால் நான் எப்படி உயிரோடு இருப்பேன் என்று கேட்டு என் வாயை அடைத்தீர்கள்.

விடிந்ததும் நீங்கள் போய்விட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அப்பா டிவிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் ஊர்ப் பெண்டுகளுக்குப் பெண் பார்ப்பதெல்லாம் ஒரு தடையா? வழக்கம்போல வந்து வாசலை நிறைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துச் சிரித்து, "எங்கூர் டிவில படம் பூச்சி பூச்சியாத்தான் தெரியுது. போடுங்க, நாங்களும் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அப்பா துண்டை எடுத்தார். அந்தம்மா படியிறங்கி வந்தார். மீசைக்காரன் வந்தான். இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பட்டுச் சேலையில் நான் நின்றேன்.

ராமாயக்காவால் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? "கதை சொல்ற புள்ள எங்க?" என்று கேட்டுவிட்டது. அம்மா ஏதோ முணுமுணுத்தது. மாப்பிள்ளையின் அம்மா, யார் அது என்று விசாரித்தார். ராமாயக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. நீங்கள் யார், எப்போது தாலி இழந்தீர்கள், இன்றைக்கு ஏன் கொடிக்காலில் நிற்கிறீர்கள், எல்லாம் கொட்டியது. கடைசியில் டிவியைக் கை காட்டி, "இந்தா, இந்தம்மாளும் புருசன் இல்லாதவதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இவதான் முன்னால நிக்கறா. அந்தக் குடும்பமெல்லாம் கெட்டா போச்சு?" என்று கேட்டது.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா டிவியைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, உனக்குத்தான் இந்தி தெரியுமே. நெசமா அந்தம்மா புருசன் இல்லாதவளா?"

இந்தி தெரிந்த ஒரு ஆள் நம் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் சொன்னது தப்பாக இருந்துவிட்டால்? இத்தனை பேர் முன்னால் உங்கள் பேச்சு பொய்யாகிவிட்டால், அப்புறம் நீங்கள் வாயைத் திறப்பீர்களா? என் கல்யாணம் எனக்கு மறந்தே போனது. அந்த ஆள் டிவியைப் பார்த்தார். ராமாயக்காவைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். நான் நின்ற கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்கம்மா," என்றார். "புருசன் இல்லாதவங்கதான். அவங்களக் கேக்காம அந்த ஊட்ல ஒண்ணும் நடக்காது."

"அப்பக் கூட்டியாங்க அவங்கள," என்றார் அவர் அம்மா. "எனக்கும் கதை தெரிய வேண்டாமா?"

யார் போனது? நான்தான். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே வாசலில் குதித்து, வரப்பில் ஓடினேன். அம்மா பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. நீங்கள் கொடிக்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் ஓடிவந்த கோலத்தைப் பார்த்து, சம்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டீர்கள். விசயத்தைச் சொன்னதும் வர மாட்டேன் என்றீர்கள். கெஞ்சினேன், வையக்கூட வைதேன். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து சேர்த்தேன். சேறு காயாத காலோடு நீங்கள் கதவோரம் போகப் பார்த்தபோது, மாப்பிள்ளையின் அம்மா பாயில் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வாங்க, எம்பக்கத்துல" என்றார்.

முதலில் குரல் எழும்பவில்லை உங்களுக்கு. பிறகு எழும்பியதே, அப்பப்பா! அன்றைக்குச் சொன்ன மாதிரி நீங்கள் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. மீசைக்காரனைக் கிழிகிழியென்று கிழித்தீர்கள். மாப்பிள்ளை கன்னத்தில் கை வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து எருமப்பட்டிக்குப் போன பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். புரை ஏறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். அப்புறம்தான் சொன்னார். அந்த மீசைக்காரன்தான் அந்தம்மாவின் புருசனாம். அன்றைக்கு நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் காட்சியில் அவள், சோறு ஆறிப்போகுது, சாப்பிட வாங்க என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வகிட்டில் வைக்கிற குங்குமம்தான் தாலி மாதிரி. நம் கறுப்பு வெள்ளை டிவியில் அது தலைமயிரோடு மயிராகப் போய்விட்டது. பம்பாயில் அதே நாடகத்தைக் கலர் டிவியில் பார்த்திருக்கிறாராம். "வெள்ளைச் சேலையே இல்லை புள்ள, நல்ல மங்கலகரமான மஞ்சச் சேலை" என்றார். எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்கம்மா மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் கதவுல உன்ற கண்ணு தெரிஞ்சுது. நெசத்தைச் சொல்லியிருந்தா அருவாளோட வந்திருப்பே" என்றார்.

இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் கல்யாணத்தில் நீங்கள் முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுத்தீர்கள். ஓரத்தில் யாரோ முணுமுணுத்தபோது, டிவியைப் பார்த்ததில்லையா என்று ராமாயக்கா அவளை ஒரு பிடி பிடித்தது. என் கல்யாணத்தோடு அது நிற்கவில்லை. ஊரில் அடுத்தடுத்து நடந்த விசேசங்களுக்கும் உங்களை வந்து கூப்பிட்டார்கள்.

பிறகு தமிழ் வந்தது, கலர் வந்தது, வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. வாசலில் பாய் விரிப்பது நின்றுபோனது. தனித்தனியாக உட்கார்ந்து தனித்தனியாக அழுதார்கள். நான் வந்தபோதெல்லாம் பார்த்தேன், அப்பா டிவி முன்னால், அம்மா டிவி முன்னால். நீங்கள் மட்டும் இல்லை. "எல்லாத்தையும் அவங்களே பேசிக்கறாங்க. எனக்கு அங்க என்ன வேலை?" என்றீர்கள். ஆனால் நீங்கள் அடுப்படிக்குத் திரும்பிப் போகவில்லை. ராமாயக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நீங்கள் நோயில் படுத்துவிட்ட பிறகு ஒரு மத்தியானம்தான் எனக்குத் தைரியம் வந்தது. உங்களுக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீசைக்காரன் புருசன் என்பதை, மஞ்சள் சேலையை, மாப்பிள்ளை சொன்ன பொய்யை. நீங்கள் சுளையை வாயில் போட்டு மென்று, விழுங்கி, அப்புறம் பேசினீர்கள்.

"அவங்க ஊர்ல அவளுக்குப் புருசன் இருந்துட்டுப் போகட்டும் சாமி. நம்மூர்ல அவ அறுத்தவதான். அப்பத்தான் அவ முன்னால வந்து நிக்க முடியும்."

தெரிந்தேதான் சொன்னீர்களா என்று கேட்டேன். எனக்கு இந்தி தெரியுமா என்ன என்று சொல்லிவிட்டு இன்னொரு சுளைக்குக் கை நீட்டினீர்கள். உங்கள் கண் சிரித்தது. நான் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

உங்கள் மாப்பிள்ளை போன பிறகு எங்கள் வீட்டில் முதலில் வந்த விசேசம் என் மூத்த பேத்தியின் கல்யாணம். மேளம் தொடங்கியதும் என் கால்கள் தானாக என்னைக் கொண்டுபோய் மண்டபத்துத் தூணோரம் நிறுத்திவிட்டன. யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லாமலே போய் நின்றேன், அதுதான் கொடுமை. பிறகு பார்த்தேன், மணமேடையில் மாலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, கல்யாணப் பெண்ணான பேத்தி யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் நடந்துபோனேன். சம்பந்தி வீட்டு அம்மா ஒருவர் என் வெறும் நெற்றியைப் பார்த்துத் தயங்கி, "இது நீங்க செய்யலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கூட்டுல இப்படித்தானுங்க," என்றேன். "எல்லாருக்கும் மூத்தவ எவளோ அவதான் எடுத்துக் குடுப்பா."

அவர் தலையாட்டிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார். மாலையை எடுத்து என் கையாலேயே பேத்தி கையில் கொடுத்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது அத்தை.